என்னோடு வயதாகிவரும் வியாதி

இந்த மாதம் இப்பகுதியில் வேதபாடம் எழுதவில்லை. பல ஆண்டுகளாய் எழுத நினைத்து, எழுதக் கூசித் தள்ளிப்போட்டு வந்த ஒரு காரியத்தை எழுதுகிறேன். அது என் சரீரத்திலுள்ள சர்க்கரை வியாதியைக் குறித்தது. பிரசங்க பீடத்தில் நின்று ஒரு நாள் நான் சொன்ன ஒரு சாட்சியைக் குறித்ததும்கூட.

1999ஆம் ஆண்டு. கொல்கத்தாவின் டாலிகஞ்சில் ஒரு வாடகைக் கட்டடத்தின் முதல் மாடியில் எங்கள் சபை கூடிவந்த நாட்கள். வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்து, தென் தமிழகத்தின் பனங்காட்டு ஊர் ஒன்றிலிருந்து இம்மாநகரத்துக்கு வந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு வயது 31. இரவில் நாலைந்து முறை எழும்புவேன். எவ்வளவு குடித்தாலும் தாகம் தீராது. ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்துபோனேன். "பாஸ்டர் ஐயா ரொம்ப உபவாசம் பண்ணுகிறார்" என்று சபையார் மெச்சிக்கொண்டார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை. குளியலறை மூலையில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு என் மனைவிதான் சந்தேகப்பட்டார். பண்டைய இந்திய வைத்தியர்கள் இவ்வியாதிக்கு மதுமேகம் என்று பெயரிட்டதும் தேன்போல் இனிக்கும் சிறுநீரைக் கண்டுதான். பரிசோதனையில் வெறும் வயிற்றில் 186, சாப்பிட்டபின் 290.

எனக்கு இது அந்நிய வியாதியல்ல. என் தகப்பனார் பள்ளி ஆசிரியர், அவருக்கும் இருந்தது. 1980களில் எங்கள் வீட்டில் விடியற்காலத்தில் ஒரு சிறு சடங்கு நடக்கும். பெனடிக்ட் கரைசல் என்னும் நீல நிறத் திரவத்தைச் சோதனைக் குழாயில் ஊற்றி, அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலம் மாறாதிருந்தால் முகம் மலரும். பச்சை, மஞ்சள் என்று மாறினால் பெருமூச்சு விடுவார். செங்கல் நிறம் வந்துவிட்டால் அன்று நாங்கள் யாரும் சத்தமாய்ப் பேசமாட்டோம். இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டினால்தான் அது சிறுநீரில் இறங்கும் என்பதும், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்தாலும் அந்த நீலம் நீலமாகவே நிற்கும் என்பதும் எனக்குப் பிற்காலத்தில்தான் தெரியவந்தது. அவர் தம் வியாதியைப் பாதி கண்மூடியவராகவே நடத்திவந்தார். வேறு வழி அப்போது எளியவர்களுக்கு இல்லை. சென்னை இராயபுரத்தில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1954இல் தொடங்கி, பின்னர் இவ்வியாதிக்கென்றே மாற்றிய மருத்துவமனையைப் பற்றி ஊரில் பேசிக்கொள்வார்கள். அங்கே போய்வர எங்களுக்கு வசதி இருந்ததில்லை.

ஆகவே என் மருத்துவர் மாத்திரைச் சீட்டை நீட்டியபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம் ஒன்றுதான். தகப்பனாரின் கடைசி நாட்கள் கண்முன் நின்றன. மாத்திரைகளை ஒழுங்காய் விழுங்கினேன். ஆனால் வீட்டாரைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. வியாதியஸ்தர்மேல் கைவைத்து ஜெபிக்கிற போதகன், தானே வியாதியஸ்தன் என்று எப்படிச் சொல்வது?

இனி நான் எழுதக் கூசிய பகுதிக்கு வருகிறேன்.

2001ஆம் ஆண்டு நகரத்தில் நடந்த ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில், மூன்று நாள் உபவாசத்தோடு கலந்துகொண்டேன். கடைசி நாள் இரவு எனக்காகவும் ஜெபிக்கப்பட்டது. உள்ளம் பொங்கியது, அந்த அனுபவத்தை இன்றும் நான் பொய் என்று சொல்லமாட்டேன். வீடு திரும்பும் வழியில் டாலி நாலாவின் பாலத்தின்மேல் நின்று, சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் தண்ணீரில் எறிந்தேன். 1770களில் வில்லியம் டாலி என்ற ஆங்கிலேய அதிகாரி தூர்வாரி ஆழமாக்கிய பழைய ஆதி கங்கைதான் அந்தக் கால்வாய். எங்கள் பகுதியின் பெயரும் அவரால் வந்ததே. மறுநாள் காலை வெறும் வயிற்றில் இரத்தம் சோதித்தேன்: 104. அந்தக் காகிதத்தை ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் உயர்த்திப் பிடித்துச் சாட்சி சொன்னேன். சபையார் கண்ணீரோடு ஸ்தோத்திரம் செலுத்தினார்கள்.

மூன்று நாள் ஆகாரமில்லாதவனுக்கு, அதுவும் வியாதியின் தொடக்க ஆண்டுகளில், காலைச் சர்க்கரை இறங்கியிருப்பது ஆச்சரியமல்ல. விழுங்கியிருந்த மாத்திரையின் பலனும் உடனே தீர்ந்துவிடாது. ஒரு காலையின் ஓர் எண் அந்தக் காலையைப் பற்றி மட்டுமே பேசும். இரண்டு மூன்று மாதங்களின் கணக்கை வைத்திருப்பது ஹெச்பிஏ1சி என்னும் பரிசோதனை. சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாட்கள் உயிரோடிருக்கும்; அத்தனை நாளும் அவற்றின்மேல் படிந்த சர்க்கரையை அது அளக்கிறது. அன்று எனக்கு அந்தப் பெயரே தெரியாது.

ஏழு மாதங்கள் மாத்திரையின்றி இருந்தேன். பிறகு வேதத்தின் எழுத்துக்கள் மங்கின. முதுகில் ஒரு கட்டி வந்து பழுத்தது. சோதித்தபோது சர்க்கரை 380. சத்தமில்லாமல் மருத்துவரிடம் போய், சத்தமில்லாமல் மாத்திரைகளைத் தொடங்கினேன். பீடத்தில் சொன்ன சாட்சியைப் பீடத்தில் திரும்பப் பெறவில்லை.

எங்கள் சபையில் அச்சகத்தில் வேலை செய்த ஒரு சகோதரர் இருந்தார். என்னிலும் பத்து வயது மூத்தவர். அவருக்கும் சர்க்கரை இருந்தது, எனக்குத் தெரியாது. என் சாட்சியைக் கேட்ட அன்றே அவரும் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். நான் திரும்பத் தொடங்கியதை அவர் அறிய வழியில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து, செருப்பின் ஆணி குத்திய காயத்தோடு அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். காலில் உணர்ச்சி மரத்திருந்தபடியால் ஆணி குத்தியதே அவருக்கு இரண்டு நாள் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கவேண்டியதாயிற்று. நான் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "பாஸ்டர் ஐயா, எனக்கு விசுவாசம் பத்தாமப் போச்சு போலிருக்கு."

அப்போது என் சட்டைப் பையில் மதிய வேளைக்கான மாத்திரை இருந்தது.

அந்த நிமிடமே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு ஞாயிறுகள் கடந்தன. மூன்றாம் ஞாயிறு ஆராதனையில் எல்லாவற்றையும் அறிக்கை செய்தேன். இரண்டு குடும்பங்கள் அத்தோடு வேறு சபைக்குப் போய்விட்டன: ஒன்று நான் பொய் சொன்னேன் என்று, மற்றொன்று நான் அவிசுவாசி என்று. அச்சகச் சகோதரர் போகவில்லை. மரக்கட்டையை ஊன்றிக்கொண்டு முதல் வரிசையிலேயே உட்காருவார். 2016இல் கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை ஒருமுறைகூட என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

அதற்குப்பின்தான் இவ்வியாதியை நான் கற்கத் தொடங்கினேன். எனக்கு வாய்த்த மருத்துவர் ஒரு வங்காளி, பொறுமைசாலி. என்னை "ஃபாதர்" என்றே அழைப்பார். நான் பாதிரியார் அல்ல, போதகர் என்று விளக்கி விளக்கிக் கடைசியில் விட்டுவிட்டேன். அவர் எனக்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியைச் சொன்னார். புதிதாய்ச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட 5,000க்கும் மேற்பட்டவர்களை 1977 முதல் இருபது ஆண்டுகள் கவனித்து, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கண்ணும் சிறுநீரகமும் கெடுவது குறைந்தது. 2008இல் அதே ஆட்களைத் திரும்பப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. தொடக்க ஆண்டுகளில் கட்டுப்பாடாய் இருந்தவர்களுக்கு, பிற்பாடு மற்றவர்களைப்போலவே சர்க்கரை ஏறிவிட்டபோதிலும், ஆரம்பத்தின் நன்மை பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் நின்றது. மாரடைப்பும் மரணமும் குறைந்தன. இதை அவர் சொன்னபோது என் மனம் பாலத்தின்மேல் எறிந்த மாத்திரை அட்டைக்குப் போயிற்று. எந்த ஆண்டுகள் அதிக விலையுள்ளவையோ அவற்றில் ஏழு மாதங்களை நான் தண்ணீரில் போட்டிருந்தேன்.

அதே ஆராய்ச்சி மற்றொன்றையும் காட்டியது. எவ்வளவு ஒழுங்காயிருந்தாலும் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் ஆண்டுக்காண்டு களைத்துப்போகின்றன. இன்று போதுமான மாத்திரை சில ஆண்டுகளில் போதாமற்போகும். பிரியமானவர்களே, இதை அநேகர் தங்கள் குற்றம் என்று எண்ணிக் குமைகிறார்கள். நானும் அப்படியே எண்ணினேன். ஒரு மாத்திரை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. 2009இல் மருத்துவர் இன்சுலின் என்றார். வீட்டில் மரண வீட்டின் அமைதி. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில், "ஊசிக்கே போயிட்டியா ஐயா?" என்று அழுதார்கள். தகப்பனாருக்கு ஊசி போட்டதும் கடைசிக் கட்டத்தில்தான். அதனால் எங்கள் வீட்டில் ஊசி என்றால் முடிவு என்று பொருள்.

இன்சுலினுடைய வரலாறு அப்படியல்ல. 1921இல் டொரான்டோவில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவரின் முயற்சியில் அது கிடைத்தது. 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையன் அதை முதலாவதாகப் பெற்றான். அதே ஆண்டு ஆகஸ்டில் பெற்ற எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி எலும்பும் தோலுமாய் வந்தவள். ஊசியின் துணையோடு மணமுடித்து, பிள்ளைகள் பெற்று, 1981வரை வாழ்ந்தாள். அவளைப் போன்ற சிறுவர்களுக்கு வரும் முதல் வகை வியாதியில் ஊசியின்றி உயிரில்லை. எனக்குள்ளது இரண்டாம் வகை. ஆயினும் சரீரம் சுரக்க மறுப்பதை வெளியிலிருந்து கொடுப்பதுதான் இரண்டிலும் நடப்பது. கண்ணாடி அணிபவனை ஒருவரும் அவிசுவாசி என்பதில்லை.

ஊசி போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் 40 யூனிட் பலத்திலும் 100 யூனிட் பலத்திலும் வருகின்றன. முந்தியதற்குச் சிவப்பு மூடி ஊசி, பிந்தியதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 பலமுள்ள மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். கன்வென்ஷனுக்காக வெளியூர் போயிருந்தபோது நான் அப்படி எடுத்துவிட்டேன். குத்துவதற்கு முன் என் மனைவி பார்த்துவிட்டார்.

ஆகாரத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, வாசகருக்குத் தெரியாததல்ல. போதகனின் ஊழியத்தில் உள்ள தொல்லையை மட்டும் சொல்லுகிறேன். ஒரு மாலையில் ஐந்து வீடு சந்தித்தால் ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. வேண்டாம் என்றால் முகம் வாடும். வங்காளிகளோ குழந்தை பிறந்தாலும் பையன் தேர்வில் தேறினாலும் சந்தேஷோடு வந்து நிற்பார்கள். பனங்கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்று நம் ஊரில் சொல்வதைப்போல, குளிர்காலத்தில் இவர்கள் ஈச்சம்பனை வெல்லத்தைச் சொல்வார்கள். இரண்டும் சர்க்கரைதான், நான் குத்திப் பார்த்தே சொல்லுகிறேன். சர்க்கரைக்காரருக்கு நல்லது என்று இங்கே காலையும் மாலையும் பொரி தின்பவர்களும் உண்டு. அரிசியைப் பொரித்தால் அது இன்னும் வேகமாகவே சர்க்கரையாய் மாறும். ஆனால் வங்காளிகள் மதியச் சாப்பாட்டைக் கசப்போடு தொடங்குவார்கள். வேப்பிலையும் கத்தரிக்காயும், அல்லது பாகற்காய். காய்கறியை முதலில் உண்டு சோற்றைப் பின்னுக்குத் தள்ளும் அந்த வழக்கத்தை நான் கற்றுக்கொண்டேன். சோறு தானாகவே குறைந்தது.

இப்போது 2013ஆம் ஆண்டின் ஒரு திருவிருந்து ஞாயிறுக்கு வருகிறேன். காலையில் வழக்கம்போல் இன்சுலின் போட்டேன். பிரசங்கத்துக்கு முன் நிறைய உண்ணும் பழக்கமில்லை. இரண்டு வாய் மட்டும் சாப்பிட்டேன். ஆராதனை நீண்டது. பிரசங்கத்தின் நடுவில் ஒரே வசனக் குறிப்பை மூன்று முறை சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. சபையாரோ அபிஷேகம் என்று எண்ணி, ஒவ்வொரு முறையும் முன்னிலும் பலமாய் ஆமென் சொன்னார்கள். என் மனைவி மாத்திரம் எழுந்து பின்னறைக்கு ஓடினார். திருவிருந்துக்காக வாங்கி, பாத்திரத்தில் ஊற்றாமல் மீந்திருந்த திராட்சரசப் புட்டி அங்கே இருந்தது. பீடத்தின் மேலேறி வந்து, சபை முழுவதும் பார்த்திருக்க, அதை என் வாயில் வைத்தார். ஐந்து நிமிடம் கழித்துக் குத்திப் பார்த்தபோது 46. குடிப்பதற்கு முன் எவ்வளவு என்பதைக் கர்த்தர் அறிவார். திருவிருந்து ரசத்தையா குடித்தீர்கள் என்று பிற்பாடு ஒரு மூப்பர் தயங்கிக் கேட்டார். ஜெபித்து ஏறெடுத்தது அல்ல, மீதி என்றேன். ஏறெடுத்ததாயிருந்தாலும் குடித்திருப்பேன் என்பதையும் சொன்னேன்.

ஆரம்ப நாட்களில் சர்க்கரை தாழ்ந்தால் கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும். அது சரீரம் அடிக்கிற மணி. வியாதி பழையதாகும்போது, அடிக்கடி தாழ்வு வந்துபோனால், அந்த மணி அடிப்பதை மறந்துவிடுகிறது. மனிதன் எச்சரிப்பின்றி நேராய்க் குழம்பிப்போகிறான். என் மனைவி கண்டுபிடிப்பது வேறு விதம். "காரணமில்லாமல் எரிந்து விழுந்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிடும்" என்பார். காரணத்தோடு எரிந்து விழுவதும் உண்டு. அப்போதும் முதலில் விரலைக் குத்திவிட்டுத்தான் பதில் சொல்லுகிறார்.

அடுத்த நாள் மருத்துவர் என் புத்தகத்தைப் பார்த்தார். ஹெச்பிஏ1சி 6.4 என்றிருந்தது. அதைப் பெருமையாய் நீட்டினேன். அவர் மகிழவில்லை. "ஃபாதர், முன்பு உங்களை 6.5க்குக் கீழே விரட்டினேன்; அது அப்போது சரி. இனி ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவில் இருங்கள், போதும்" என்றார். என் ஒழுக்கத்தை யாரோ பறித்துக்கொண்டதுபோல் இருந்தது. அவர் விளக்கினார். அமெரிக்காவிலும் கனடாவிலும், நெடுநாள் சர்க்கரையும் இருதய ஆபத்தும் உள்ள 10,000க்கும் மேற்பட்டோரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பாதியினரை ஆறுக்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். அந்தப் பக்கத்தில் மரணங்கள் அதிகமாயின. 2008 பிப்ரவரியில் அந்தப் பகுதியை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். இளவயதில் காப்பாற்றுகிற அதே இறுக்கம், பழகிப்போன வியாதியில் ஆளைக் கீழே தள்ளக்கூடும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாள் பிடித்தது. பத்து ஆண்டுகளாய் எண் குறைந்தால் வெற்றி என்று பழகியவன், இனி சற்று ஏறவிடுவதே ஞானம் என்று கற்பது எளிதல்ல. காலையும் மாலையும் போட்ட கலவை இன்சுலினை மாற்றி, இரவில் ஒரு முறை நீண்ட நேரம் மெதுவாய் வேலை செய்யும் இன்சுலினும் மாத்திரைகளுமாய் அமைத்தார். தாழ்வு வராமல் சில வாரங்கள் காத்தபோது, மறந்துபோன மணி கொஞ்சம் திரும்பி அடிக்கத் தொடங்கியது. இப்போது சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் படியிறங்குவதில்லை. மூன்று தேக்கரண்டி, பதினைந்து நிமிடம், திரும்பக் குத்திப் பார்த்தல். என் வீட்டிலுள்ள யாவருக்கும் இது மனப்பாடம்.

உபவாசத்தைக் குறித்துக் கடிதங்கள் வரும் என்று அறிவேன், முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். நான் இன்றும் உபவாசிக்கிறேன், பழையபடி அல்ல. ஜனவரி உபவாச நாட்களின் தேதிகளை டிசம்பரிலேயே மருத்துவரிடம் கொடுக்கிறேன். ரம்ஜான் நோன்பு நோற்கும் நோயாளிகள் அவருக்கு அநேகர். ஆகையால் இது அவருக்குப் புதிதல்ல. எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று எழுதிக்கொடுப்பார். முக்கியமாக, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் புதுவகை மருந்து ஒன்று உண்டு. சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் நன்மை செய்வது. 2020இல் அதிலொன்றின் காப்புரிமை முடிந்து விலை இறங்கியபின் நானும் எடுக்கிறேன். ஆகாரமில்லாத நாட்களிலும் வாந்திபேதியிலும் அதை நிறுத்தாவிட்டால் இரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். எழுபதுக்குக் கீழே இறங்கினால் உபவாசத்தை முடித்துவிடுகிறேன். அன்று தேவன் என்னோடு கோபமாயிருக்கிறார் என்று எண்ணுவதில்லை. தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்த தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் பலவீனத்துக்கும் ஒரு வழி எழுதி அனுப்பினவர் பவுல் அப்போஸ்தலர் அல்லவா?

கண்களில் 2011இல் லேசர் சிகிச்சை செய்தார்கள். அதுமுதல் வருடம் தவறாமல் காட்டுகிறேன். இப்போதைய கவலை கால்கள். மரத்துப்போதல் விரல் நுனியில் தொடங்கி மெதுவாய் ஏறுகிறது. எங்கள் தெருக்களில் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்பது வழக்கம். முன்பெல்லாம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு சந்திக்கப் போவேன். இனி அது முடியாது. தண்ணீர் நின்றால் சந்திப்பு தொலைபேசியில்தான். ஒவ்வொரு இரவும் என் மனைவி விளக்கைப் பிடித்து இரண்டு பாதங்களையும் விரலிடுக்குவரை பார்க்கிறார். அச்சகச் சகோதரரின் ஆணியை நினைக்காமல் ஓர் இரவும் அது நடப்பதில்லை.

2020 மே 20ஆம் தேதி ஆம்பன் புயல் அடித்தபோது, எங்கள் பகுதியில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. குளிர்பெட்டியில் மூன்று மாத இன்சுலின் இருந்தது. அம்மா சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. பெரிய மண்பானையில் ஈர மணலிட்டு, அதற்குள் சிறிய பானை வைத்து, மருந்தைத் தண்ணீர் படாதபடி கட்டி உள்ளே இறக்கினோம். ஊசிக்காக அழுத அதே அம்மா.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளிவந்த கணக்கின்படி, நம் தேசத்தில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இவ்வியாதி உண்டு. நம் சபைகளில் ஒவ்வொரு வரிசையிலும் ஒருவராவது இருப்பார். ஆதலால் சுகத்துக்காக ஜெபிக்கும்போதெல்லாம் ஒன்றைச் சொல்லிவருகிறேன். தேவன் சுகமாக்குகிறார், நான் அதை இன்றும் பிரசங்கிக்கிறேன். ஆனால் மாத்திரையை நிறுத்துவது நீங்களும் அல்ல, நானும் அல்ல. இயேசு குஷ்டரோகியைச் சுகமாக்கினபின் ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார். நீங்களும் போய்க் காண்பியுங்கள். மூன்று மாதக் கணக்கைப் பார்த்து மருத்துவர் குறைத்தால், அந்தக் காகிதத்தோடு வாருங்கள், சேர்ந்து ஸ்தோத்திரிப்போம். அப்படிக் காகிதத்தோடு வந்தவர்களும் உண்டு. எடை குறைத்து, மாத்திரை தேவையில்லாத நிலைக்கு வந்த ஒரு சகோதரி உண்டு. அவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கிறார்.

சென்னையில் டாக்டர் வி. மோகனின் குழுவினர், இரண்டாம் வகைச் சர்க்கரையோடு 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்களை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இடையில் மரித்தவர்களோடு ஒப்பிட, நீடித்தவர்களுக்குச் சர்க்கரையோடு இரத்த அழுத்தமும் கொழுப்பும் கட்டுக்குள் இருந்தன. 40 ஆண்டு! என் தகப்பனார் காலத்தில் அந்தச் சொல்லை ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள். எனக்கு இது 26ஆம் ஆண்டு.

சென்ற மாதம் அச்சகச் சகோதரரின் மகன் என்னைத் தேடி வந்தார். வயது 35, அலைபேசிக் கம்பெனி ஒன்றில் வேலை. அலுவலகப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 8.2 என்று வந்திருந்தது. அந்தத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாஸ்டர் ஐயா, ஜெபம் பண்ணணும். மாத்திரையும் எழுதியிருக்காங்க. என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். ஜெபித்தேன். ஜெபிக்கும்போது குரல் வரவில்லை. அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. பிறகு அவரை அழைத்துக்கொண்டு என் மருத்துவரிடம் போனேன். எங்கள் எண் 17; உள்ளே 6 நடந்துகொண்டிருந்தது. வாசலில் மண்குவளையில் தேநீர் விற்றுக்கொண்டிருந்தவரிடம் சர்க்கரை இல்லாமல் இரண்டு என்றேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார். ஒரு வாரம் கசக்கும், அப்புறம் பழகிவிடும் என்றேன். நாளை காலை ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் நடக்க எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார். ஐந்தரை என்று சொல்லியிருக்கிறேன்.